கவிழ்த்த தம்ளரில் தண்ணீர் நிற்க வேண்டும்: அறிவியல் ஆசிரியர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்களுக்கு இயற்பியல் எடுத்த சார் வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். பாடம் நடத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. கையில் எடுத்த பொருள் மட்டும் அவர் பேச்சைக் கேட்காது. டஸ்டர் பிடித்த கையாலேயே முகத்தைத் துடைத்து, வெள்ளை மீசையோடு பாதி வகுப்பை நடத்துவார். ஒருமுறை ஊசலின் நூல் அறுந்து, குண்டு உருண்டுபோய்த் தலைமையாசிரியர் காலடியில் நின்றது.

எல்லாவற்றையும் விடப் பேர்போனது காற்றழுத்தச் சோதனைதான். தம்ளர் நிறையத் தண்ணீர், மேலே ஓர் அட்டை. கவிழ்த்துக் கையை எடுத்தால் தண்ணீர் அப்படியே நிற்க வேண்டும். வருஷா வருஷம் முன் பெஞ்சுதான் நனையும்! எங்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு, ஏன் கொட்டியது என்று அங்கேயே விளக்குவார். எனக்குக் காற்றழுத்தம் புரிந்ததே அந்த விளக்கத்தில்தான்.

பிரிவு உபசார விழாவில் அவர் கையாலேயே அது சரியாக நடக்க வேண்டும் என்று பழைய மாணவர்கள் எல்லோருக்கும் ஆசை. காற்றழுத்தம் சுமார் 10 மீட்டர் உயரத் தண்ணீரையே தாங்கும், ஒரு தம்ளர் பெரிய விஷயமில்லை. விளிம்பு வழியாகக் காற்று புகுந்தால்தான் சிக்கல். சாதாரண அட்டை ஊறி வளைந்துவிடுகிறது. லேமினேட் செய்த அட்டை நல்லதா, பழைய எக்ஸ்ரே பிலிமா? தம்ளர் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா? அவருக்கு இப்போது கை கொஞ்சம் நடுங்கும், அதையும் மனதில் வையுங்கள். வகுப்பில் செய்து பார்த்தவர்கள் அளவோடு சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.