பழைய கோயிலை இடிப்பதற்கு முன்: கில்பெக்கிலிருந்து ஒரு மடல்

அண்ணாச்சிமார், மைனிமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

துபாய் அண்ணாச்சி போன வாரம் அனுப்பிய, நம் ஊர்த் தேவாலயத்துக்கான புதுக்கோயில் வரைபடத்தைப் பார்த்தேன். இரட்டைக் கோபுரம், கிரானைட் தரை, பீடத்துக்குப் பின்னால் எல்ஈடி வெளிச்சம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய கோயிலை இடித்துவிட்டு அந்த இடத்தில்தான் இது வரும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்ததை இரண்டு தடவை படித்தேன். உடனே பதில் எழுதினால் சண்டையாகிவிடும் என்று ஒரு வாரம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருக்கும் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டிலிருந்து தென்மேற்கே காரில் அரைமணி நேரத்துக்குள் போய்விடலாம், கில்பெக் என்று ஒரு ஊர். ஊர் என்று சொல்வதே தாராளம். கொஞ்சம் வீடுகள், ஒரு பப், சுற்றிலும் ஆடு மேயும் புல்வெளி. அங்கே 1140 வாக்கில் கட்டிய கோயில் ஒன்று இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நூற்றிமுப்பது வயது இளையது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதாவுக்கும் புனிதர் தாவீதுக்கும் நேர்ந்த கோயில். அளவில் நம் கோயிலில் பாதி கூட வராது.

ஆனால் அந்தக் கல் வேலை! முழுக்கச் செம்மணற்கல். கூரை விளிம்புக்குக் கீழே சுவரைச் சுற்றி வரிசையாகச் சிற்பங்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. 91 இருந்ததில் 85 இன்னும் மிச்சம். ஒரு நாயும் முயலும் ஒட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் நேற்று யாரோ கார்ட்டூனுக்கு வரைந்தது போல இருக்கிறது. இன்னொன்றில் ஒரு பெண் இரண்டு கையாலும் தன் குறியை விரித்துக் காட்டுகிறாள். கோயில் சுவரில் இதுவா என்று கூட வந்த நண்பர் முகம் சுளித்தார். கோயில் தேர்களின் அடித்தட்டைக் குனிந்து பார்த்து வளர்ந்தவன் நான், எனக்கு அவ்வளவு அதிர்ச்சி இல்லை. எதற்காக வைத்தார்கள் என்பதில் அறிஞர்களுக்குள்ளேயே ஆளுக்கொரு கருத்து.

தெற்கு வாசலில் தன் வாலைத் தானே விழுங்கும் பாம்புகள், கொடிகளுக்குள் சிக்கி நிற்கும் வீரர்கள், மேலே திராட்சை தொங்கும் ஒரு மரம். கை தானாக நீண்டது. "தொடாதீங்கப்பா" என்று மகள் தட்டிவிட்டாள். உள்ளே ஒரு தீர்த்தத் தொட்டி. அதன் உருண்டை வயிற்றை இரண்டு கல் கைகள் கட்டிப்பிடித்திருக்கின்றன. மத்தியானச் சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நம் ஆச்சிமாரின் ஞாபகம் வந்துவிட்டது.

நாங்கள் போனபோது ஒரு வயதான அம்மா ஜாடிகளில் பூ மாற்றிக்கொண்டிருந்தார். இந்த மாதம் அவர் முறையாம். ஒரே சாமியார் பல ஊர்களைப் பார்க்கிறார், அதனால் எல்லா ஞாயிறும் இங்கே பூசை கிடையாது. நம் பத்தாம் திருநாள் சப்பரத்துக்கு நிற்கும் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது அங்கே கிறிஸ்துமஸுக்கு வருமா என்பது சந்தேகம். ஆனாலும் பூ மாற்றவும் கதவு திறந்து வைக்கவும் ஆள் இருக்கிறது. இங்கிலாந்து ஊர்க் கோயில்களில் வருடா வருடம் நிர்வாகிகளை ஊரே கூடித் தேர்ந்தெடுக்கும். பூசைக்கே வராதவர் கூட அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் கை தூக்கலாம்.

இடிப்பது, மாற்றுவது பற்றி அந்த அம்மாவிடம் கேட்டேன். சிரித்தார். ஒரு பெஞ்சை வெளியே எடுக்க வேண்டுமென்றால் கூட மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும். அதற்கென்றே சட்டம் படித்த ஒரு நீதிபதி இருக்கிறார். என்ன செய்யப் போகிறோம் என்று கோயிலில் அறிவிப்பு ஒட்ட வேண்டும், ஊர்க்காரர் யாரும் ஆட்சேபிக்கலாம். சட்டப்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கட்டடத்தைத் தகுதியுள்ளவர் வந்து பார்த்து, எங்கே ஒழுகுகிறது, எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். நம் கோயில் சுவரில் ஒட்டும் அறிவிப்பு தலைக்கட்டுக்கு வரி எவ்வளவு என்பதற்கு மட்டும்தான்.

சரி, வெள்ளைக்காரன் எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டான் என்று சொல்லவில்லை. அடுத்த வாரமே ஹெரிஃபோர்டுக்கு வடக்கே ஷாப்டன் என்ற ஊருக்குப் போனேன். 1130களில் ஆலிவர் டி மெர்லிமண்ட் என்பவர் ஸ்பெயினில் உள்ள சந்தியாகு கொம்போஸ்தெலாவுக்கு யாத்திரை போய்வந்து அங்கே ஒரு கோயில் கட்டினார். கில்பெக்கில் செதுக்கிய அதே பட்டறைக்காரர்களின் வேலை. 1750களில் அந்தப் பண்ணையின் பேட்மன் குடும்பத்துக்குப் பழசு பிடிக்கவில்லை. இடித்துவிட்டு அந்தக் காலத்து ஃபேஷனில் புதிதாகக் கட்டினார்கள், உள்ளே முழுக்க வெள்ளையும் வெளிர்நீலமும், கல்யாண கேக் மாதிரி. பழைய கோயிலின் செதுக்கிய வளைவுகளைத் தூக்கிக்கொண்டு போய், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒரு மேட்டில் நிறுத்தினார்கள்.

அந்த வளைவுகள் இன்றைக்கும் நிற்கின்றன. கூரை இல்லாமல் இருநூற்றெழுபது வருட மழை. முகம் எது, மடிப்பு எது என்று தெரியவில்லை, உருகி வடிந்த மெழுகு போல இருக்கிறது. 1850களில் ஒருவர் வரைந்து வெளியிட்ட படங்களை வைத்துத்தான் அங்கே என்ன இருந்தது என்று ஊகிக்க முடிகிறது. நான் ரொம்ப நேரம் நின்றது கில்பெக்கில் இல்லை, அந்த மேட்டில்தான்.

நம் தேக்குப் பீடத்தை ஞாபகம் இருக்கிறதா? நான் பத்தாவது படிக்கும்போது கழற்றினார்கள். புதுப்பித்து மறுபடி வைப்போம் என்று சொன்னார்கள். எங்கே போனது என்று இன்று வரை யாருக்கும் கணக்குத் தெரியாது. ஒரு போட்டோ கூட நம்மில் யாரிடமும் இல்லை.

சுவர் உப்பிப் பெயர்கிறது, இனித் தாங்காது என்று கமிட்டி சொல்வது எனக்கும் தெரியும். ஆனால் உப்ப ஆரம்பித்தது எப்போது? சுண்ணாம்புக் காரைச் சுவரின் மேல் சிமெண்ட் பூசிய பிறகுதான். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்து வைக்கும். இங்கேயும் பழைய மணற்கல் சுவர்களில் அதே தப்பைச் செய்து, இப்போது சிமெண்டைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு போடுகிறார்கள். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்துக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனார் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒருவரையும், பழைய கட்டடம் தெரிந்த ஒரு இன்ஜினியரையும் கூட்டிவந்து பார்க்கச் சொல்வோம். அவர்கள் முடியாது என்றால் அப்புறம் பேசலாம். அந்தச் செலவில் என் பங்காக 300 பவுண்டு தனியாக எடுத்து வைத்துவிட்டேன். இடிப்புக்கு என்று கேட்டால் இப்போதைக்கு இல்லை.

இந்தத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். மணிக்கூண்டு, வாசல் மேல் உள்ள கல்வெட்டு, சிலுவைப் பாதைப் படங்கள், கல்லறைத் தோட்டத்துப் பழைய கற்கள், எல்லாவற்றையும் நல்ல வெளிச்சத்தில் கிட்டே போய்ப் படம் எடுங்கள். கல்வெட்டில் முதல் வரி சுண்ணாம்படித்து மறைந்திருக்கும், காலை எட்டு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் எழுத்து தெரியும்.