தோரின் சுத்தியல் கனமாகத் தெரியவில்லை: அட்டை உருவ அனிமேஷன் பற்றி உதவி தேவை

கோத்தகிரி_வகுப்பறை:

வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளி ஆண்டு விழாவுக்கு 1 நிமிடக் கார்ட்டூன் செய்கிறார்கள். நாயகன் இடி தேவன் தோர். 1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த பழைய தோர் கார்ட்டூனைப் பார்த்துவிட்டு, இது நமக்கும் வரும் என்று அவர்களே எடுத்த முடிவு. சார்ட் பேப்பரில் வரைந்து வெட்டிய உருவங்களை மேசையில் படுக்கவைத்து, மேலே செல்போனை மாட்டி, இம்மி இம்மியாக நகர்த்திப் படம் எடுக்கிறோம். நொடிக்கு 12 படம் என்று கணக்கு.

மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டோம். சுத்தியல் காகித ராக்கெட் போல மிதந்து போகிறது. தலைக்குமேல் சுழற்றும்போது திடீரென்று பின்பக்கமாகச் சுற்றுவதுபோல் தெரிகிறது. ஓட்டிப் பார்த்தால் வெளிச்சம் படபடவென்று துடிக்கிறது. இது ஐப்பசி, மேகம் ஜன்னல் வழியாக வகுப்புக்குள்ளேயே வந்துவிடுகிறது. காலையில் வெட்டிய உருவம் மதியத்துக்குள் சருகு மாதிரி சுருண்டுகொள்கிறது. 200 படம்தான் ஆகியிருக்கிறது. 720 படமும் எடுத்தே ஆக வேண்டுமா?

ஃபிரேம்_கணக்கு:

வேண்டாம் டீச்சர். 720 இடங்களை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். 720 தடவை நகர்த்தத் தேவையில்லை. பிள்ளைகள் பார்த்த அந்தக் கார்ட்டூனே இதற்குச் சாட்சி. அதைத் தயாரித்த கிராண்ட்ரே-லாரன்ஸ் நிறுவனம் காமிக்ஸ் கட்டங்களையே ஜெராக்ஸ் முறையில் நகலெடுத்து, உதட்டையும் கண்ணிமையையும், எப்போதாவது ஒரு கையையும் மட்டும் அசைத்தது. மீதியெல்லாம் அசையாத படம்தான். காமிக்ஸ் ஓவியர் ஜேக் கிர்பி வரைந்த நிலைகளில் (போஸ்களில்) அத்தனை வேகம் இருந்ததால் அது செல்லுபடியானது. அதனால் நீங்களும் உழைப்பை நிலையில் போடுங்கள், எண்ணிக்கையில் வேண்டாம். தோர் பேசும் 10 நொடிக்கு உடல் ஒன்று, வாய் மூன்று (மூடியது, பாதி, முழுத் திறப்பு), இமை மூடிய கண் ஒன்று போதும். எடுத்த படங்களைச் செயலியிலேயே நகலெடுத்து 120 இடத்தையும் நிரப்பலாம்.

இனி சுத்தியல். மிதப்பதற்குக் காரணம், ஒவ்வொரு படத்திலும் ஒரே தூரம் நகர்த்துகிறீர்கள். கனமான பொருள் கிளம்பத் தாமதிக்கும், கிளம்பிய பிறகு நிற்காது. கையைப் பின்னுக்கு இழுக்க 4 படம். அங்கேயே அசையாமல் 3 படம். இந்த நிறுத்தத்தை விட்டுவிட்டால் வேறு எதைச் செய்தும் வலிமை வராது. பிறகு சுத்தியல் 1 செ.மீ., அடுத்து 3, அடுத்து 7, அடுத்து 12, அதோடு படத்தின் சட்டத்தைவிட்டு வெளியே போய்விட வேண்டும். திரும்பி வந்து கையில் விழும்போது கையும் தோளும் 1 செ.மீ. பின்னால் தள்ளப்பட்டு, 3 படத்தில் பழைய இடத்துக்கு வரட்டும். பார்ப்பவருக்கு எடை தெரிவது தோளில்தான்.

பின்பக்கம் சுற்றுவது கண்ணின் கணக்கு. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 180 பாகையைத் தாண்டிவிட்டால் கண் குறுக்கு வழியைப் பிடித்துக்கொள்ளும். 270 பாகை முன்னே போனது 90 பாகை பின்னே வந்ததாகத் தெரியும். ஒரு சுற்றுக்கு 6 படம், படத்துக்கு 60 பாகை வைத்தால் நொடிக்கு இரண்டு சுற்று வரும். இன்னும் வேகம் வேண்டுமென்றால் சுத்தியலையே எடுத்துவிட்டு, ஒளி ஊடுருவும் ஓஎச்பி ஷீட்டில் வட்டமாகக் கீற்றுகள் வரைந்து அதைத் திருப்புங்கள். கீற்றுகளை 90 பாகைக்கு ஒன்றாகச் சம இடைவெளியில் வரைந்து 90 பாகையே திருப்பினால் சக்கரம் நின்றுபோனதுபோல் இருக்கும், 45 என்றால் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றே தெரியாது. கீற்றுகள் நீளத்திலும் இடைவெளியிலும் ஏறுமாறாகவே இருக்கட்டும்.

ஈரப்பதம்:

வெளிச்சத்துக்கும் காகிதத்துக்கும் நான் சொல்கிறேன்.

துடிப்புக்குப் பெரிய காரணம் போன் தானாக வெளிச்சத்தைச் சரிசெய்வது. கையை எடுக்கும் நேரத்தில், மேகம் விலகும் நேரத்தில் அது ஒவ்வொரு முறையும் வேறு முடிவெடுக்கும். எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயல்) மூன்றையும் பூட்ட வசதியுள்ள செயலியில் எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே ஷட்டரை 1/50 நொடியில் வையுங்கள். 1/60, 1/125 என்று வைத்தால் மலிவான எல்இடி பல்பின் துடிப்பில் ஒவ்வொரு படமும் வேறு துண்டைப் பிடிக்கும். ஜன்னலைக் கறுப்பு சார்ட்டால் முழுக்க அடைத்துவிட்டு, ஒரே கம்பெனி 9 வாட் பல்பு இரண்டை இருபுறமும் 45 பாகைச் சாய்வில் வையுங்கள். குண்டு பல்பு வேண்டாம், வோல்டேஜ் ஏறி இறங்கினால் அதுவும் மங்கிப் பிரகாசிக்கும். நகர்த்தும் பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை கூடாது, மேலே கறுப்புத் துணியைப் போர்த்திவிடுங்கள். போனைத் தொட்டுப் படமெடுத்தால் ஆடும். பெரும்பாலான போன்களில் வயர் இயர்போனின் ஒலி பட்டனே ஷட்டராக வேலை செய்யும்.

காகிதம். நீலகிரியில் கூடலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவத்தில் நனையும்; கிழக்குச் சரிவில் இருக்கும் உங்கள் கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகைதான் மழை. அதனால் மழை விடும் என்று காத்திருந்து பயனில்லை. போஸ்டர் கலர் ஒரு பக்கம் மட்டும் பூசினால் அந்தப் பக்கம் காய்ந்து இழுக்கும், பூசாத பக்கம் ஈரத்தைக் குடித்து விரியும். சுருளுவது அதனால்தான். பெயிண்டே வேண்டாம்: 300 ஜிஎஸ்எம் கெட்டி அட்டையில் கலர் பேப்பரை வெட்டி டபுள் டேப்பால் ஒட்டுங்கள். இந்தக் குளிரில் ஃபெவிகால் காய நாளாகும், அதற்குள் அட்டை வளைந்துவிடும். பெயிண்ட் பூசியே ஆக வேண்டுமென்றால் பின்பக்கமும் ஒரு கோட் பூசுங்கள். இன்னொன்று, அட்டைக்கு இழை ஓட்டம் உண்டு. மெதுவாக இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள், எந்தத் திசையில் எளிதாகச் சுருளுகிறதோ அந்தச் சுருளின் நீளவாக்குதான் இழை. கை, கால், சுத்தியல் பிடி எல்லாவற்றுக்கும் இழை நீளவாக்கில் வருமாறு வெட்டினால் நேராகவே நிற்கும். இரவில் மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அப்படியும் எழும்பினால் படமெடுக்கும்போது 4 மி.மீ. கண்ணாடியை மேலே வையுங்கள், ஓரத்துக்கு டேப் கட்டாயம்.

உருமு:

மின்னலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மேலிருந்து கீழே மெல்ல வளர்வதுபோல் எடுக்காதீர்கள், கொடி படர்வதுபோல் ஆகிவிடும். முதல் படத்தில் முழு மின்னல், அடுத்ததில் இருட்டு, மூன்றாவதில் அதே தடத்தில் மெலிந்த மின்னல், பிறகு இருட்டு. முடிந்தது. இருட்டில் தோரின் நிழலுருவம் மட்டும் தெரிந்தால் முகம் வரையும் வேலையும் மிச்சம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1 நொடிக்குள் மூன்று பளிச்சுக்கு மேல் வைக்காதீர்கள். சிவப்பும் நீலமும் மாறி மாறி அடிப்பதை அறவே தவிருங்கள். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் தொடரின் ஒரு பகுதியில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மின்னியதில் 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலும் சிறுவர்கள். ஆண்டு விழாவில் அரங்கை இருட்டாக்கிப் பெரிய திரையில் போடுவீர்கள். யாருக்கு வலிப்பு இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.

இடியோசைக்கு நாடகக்காரர்களின் பழைய வழி: 1 மீட்டர் நீளமுள்ள மெல்லிய தகரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு, கீழ் ஓரத்தைப் பிடித்து ஆட்டுங்கள். ஓரத்தில் கையுறை வேண்டும். போன் 2 மீட்டராவது தள்ளி இருக்கட்டும், கிட்டே வைத்தால் ஒலி உடையும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். மின்னலுக்கு 4 படம் கழித்து இடி வந்தால் அது 110 மீட்டர் தூரத்தில் விழுந்தது என்று கணக்கு. எதிர் மலையில் விழுந்ததாகக் காட்டினால் 36 படம் விடுங்கள்.

படத்துக்குப் பெயர் வைக்கவில்லை என்றால் 'உருமு' என்று வைக்கலாம். சங்கப் பாட்டில் இடிக்கு இருக்கும் சொல் அது.

ஏட்டுத்_தோர்:

கதை பற்றி ஒன்று. யூடியூபில் போடும் எண்ணமிருந்தால் காமிக்ஸ் தோரின் உடையை விட்டுவிடுங்கள். சிறகு வைத்த தலைக்கவசம், மழித்த முகம், பொன்னிற முடி எல்லாம் 1962இல் ஸ்டான் லீ, லாரி லீபர், கிர்பி மூவரும் உருவாக்கியது, இன்றும் மார்வெலின் சொத்து. வட ஐரோப்பியப் பழங்கதையின் தோர் யாருக்கும் சொந்தமில்லை: செந்தாடி, வலிமை தரும் அரைக்கச்சை, இரும்புக் கையுறை, இரண்டு வெள்ளாடு இழுக்கும் தேர். சுத்தியலின் பிடியும் குட்டை. அதை வார்க்கும்போது சூழ்ச்சிக்காரத் தேவன் லோகி ஈயாக வந்து துருத்தி ஊதியவனின் இமையைக் கடிக்க, ஒரு கணம் ஊதல் நின்றுவிட்டதுதான் காரணம். பிடி குட்டையாக இருந்தால் விரலுக்குள் மறைந்துவிடும், வெட்டுவதும் சுலபம்.

1 நிமிடத்துக்கு ஏற்ற கதையும் அங்கேயே இருக்கிறது. தோர் தன் ஆடுகளைச் சமைத்து ஒரு உழவன் வீட்டாருக்கு விருந்து வைக்கிறான். எலும்பை மட்டும் உடைக்காமல் தோலின்மேல் போடச் சொல்கிறான். மகன் தியால்ஃபி உள்ளிருக்கும் மஜ்ஜைக்கு ஆசைப்பட்டு ஒரு தொடையெலும்பைப் பிளந்துவிடுகிறான். காலையில் சுத்தியலை உயர்த்தியதும் ஆடுகள் எழுகின்றன, ஒன்று மட்டும் பின்னங்காலை நொண்டுகிறது. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் எழுத்தாளர் ஸ்னோரி எழுதிவைத்தது. சண்டையே இல்லாமல் சுத்தியலின் ஆற்றல் முழுதும் தெரிகிற கதை. ஆட்டை எழுப்புவதும் எளிது: நிற்கும் ஆட்டை மெல்ல மடக்கிக்கொண்டே படமெடுத்து, வரிசையைத் திருப்பி ஓட்டினால் போதும்.

கோத்தகிரி_வகுப்பறை:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆட்டுக் கதையையே எடுத்துக்கொள்கிறோம், பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். நொண்டும் நடையை எப்படிக் காட்டுவது? உருவங்களை லேமினேட் செய்துவிட்டால் ஈரம் ஏறாதா?

ஃபிரேம்_கணக்கு:

லேமினேஷன் வேண்டாம். பளபளப்பில் இரண்டு பல்பும் வெள்ளைப் பொட்டாக விழும், உருவமும் மேசையில் வழுக்கும். நடைக்கு ஒரு சுற்று 12 படம். நல்ல கால் தரையில் 4 படம் நின்றால், அடிபட்ட கால் 2 படம் மட்டும் தரையைத் தொடட்டும். அந்த 2 படத்திலும் தலை அரை செ.மீ. கீழே இறங்கட்டும். மூட்டுகளை ஊசி நூலால் கோத்து முடிச்சிட்டு, பின்பக்கம் முடிச்சின்மேல் சின்ன டேப் ஒட்டுங்கள். ஒட்டாவிட்டால் முடிச்சு பக்கத்து உருவத்தில் மாட்டி, ஆடு நகரும்போது தேரையும் சேர்த்து இழுத்துவிடும்.