புதுப்பிப்பு: அமிலம் சேர்த்ததும் ஃபுளோரசினின் ஒளிர்வு ஏன் மங்குகிறது?

அமிலம் சேர்த்ததும் ஃபுளோரசின் என்ற சாயத்தின் கரைசலில் பச்சை ஒளிர்வு மங்குவது மூலக்கூறு சிதைவதாலா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். சிதைவு இல்லை, காரம் சேர்த்ததும் ஒளிர்வு திரும்பிவிட்டது.

ஃபுளோரசினின் இரட்டை எதிர்மின் அயனி (இரண்டு புரோட்டான்களை இழந்த வடிவம்) 490 நானோமீட்டர் அருகே ஒளியை வலுவாக உறிஞ்சி, உறிஞ்சிய ஃபோட்டான்களில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றை மீண்டும் உமிழ்கிறது. பிஎச் (அமிலத்தன்மையின் அளவுகோல்; அமிலம் கூடக் கூட இது குறையும்) 6.4 அளவுக்கு இறங்கும்போது அந்த அயனிகளில் ஏறத்தாழப் பாதி ஒரு புரோட்டானை ஏற்றுக்கொள்கின்றன; அப்படிப் பிறக்கும் ஒற்றை அயனியின் உறிஞ்சல் 450 முதல் 475 நானோமீட்டர் வரையிலான பகுதிக்கு நகர்வதோடு, அதன் ஒளிர்வுத் திறனும் பாதிக்கும் கீழே விழுகிறது. ஆகவே 490 நானோமீட்டர் ஒளியால் தூண்டினால் இழப்பு இருமடியாகத் தெரிகிறது.

அமிலம் எப்போதும் ஒளிர்வைக் கெடுக்கும் என்று இதிலிருந்து முடிவு கட்ட வேண்டாம். குயினைன் நீர்த்த கந்தக அமிலத்தில்தான் நன்றாக ஒளிர்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ குளோரைடு அயனி அதன் ஒளிர்வைத் தணித்துவிடுகிறது.

என்னை மிகவும் கவர்ந்தது 2-நாஃப்தால் என்ற கரிமச் சேர்மம். இயல்பு நிலையில் 9.5 ஆக இருக்கும் அதன் பிகேஏ (மூலக்கூறுகளில் பாதி புரோட்டானை இழந்திருக்கும் பிஎச்), ஒளியை உறிஞ்சிக் கிளர்வுற்ற நிலையில் ஏறத்தாழ 2.8 ஆகிவிடுவதால், நடுநிலைக் கரைசலில் அது நடுநிலை மூலக்கூறாக ஒளியை உறிஞ்சி, சில நானோவினாடிகளுக்குள் புரோட்டானை இழந்து, ஓரளவு அயனியாகவே ஒளிர்கிறது. உறிஞ்சல் நிறமாலையை மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படாது.

இனி அளவிடுவோர் பிஎச்சை மாறாமல் வைத்திருக்கும் தாங்கல் கரைசலைப் பயன்படுத்தி, 490, 450 ஆகிய இரு அலைநீளங்களிலும் தூண்டி, ஒளிர்வு விகிதத்தைக் கணக்கிடுவது நல்லது. செறிவு மாறினாலும் விகிதம் பெரிதாக மாறாது.