புதுப்பிப்பு: ஃப்ளஷ் டேங்க் ஒழுகல் நின்றுவிட்டது

நாகர்கோவில் வீட்டில் ஃப்ளஷ் டேங்க் தண்ணீர் ராத்திரி முழுக்க க்ளோசெட்டுக்குள் கசிகிறது, டேங்க் நிறைந்ததும் தண்ணீர் வரத்தை நிறுத்தும் ஃப்ளோட் வால்வை மாற்றியும் நிற்கவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். பிளம்பர் டேங்கையே மாற்றச் சொன்னார். மனசு வரவில்லை.

டேங்கில் சொட்டு நீலம் ஊற்றி, அரை மணி நேரம் யாரையும் ஃப்ளஷ் செய்ய விடவில்லை. க்ளோசெட்டின் பின்பக்கம் மெல்லிய நீலக் கோடு இறங்கியது. டேங்கில் தண்ணீரோ வழியும் குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழேதான் நின்றது. அப்படியென்றால் தண்ணீர் நிரம்பி வழியவில்லை, ஃப்ளோட் வால்வில் கோளாறே இல்லை. டேங்கின் அடியில் தண்ணீர் இறங்கும் துளையை அடைக்கும் ரப்பர் வளையம், அதாவது அடி வாஷர்தான் காரணம்.

கழற்றினால் ரப்பர் ஒரு பக்கம் பள்ளம் விழுந்து, விரலில் கறுப்பு மையாக ஒட்டியது. அது உட்காரும் விளிம்பில் போர் தண்ணீரின் வெள்ளைப் படிவு. வினிகரில் நனைத்த துணியை ஒரு மணி நேரம் வைத்த பிறகுதான் உரிந்தது.

அப்புறம் வாஷருக்கு அலைச்சல். வடசேரியில் இரண்டு கடை, தக்கலையில் ஒன்று. எல்லாரும் "முழு செட்டாத்தான் வரும்" என்றார்கள். ஒரு ரப்பர் வளையத்துக்காக முழு செட்டையும் வாங்க வைப்பது அநியாயம். கடைசியில் மார்த்தாண்டத்தில் ஒரு அண்ணாச்சி பழையதை வாங்கி அளந்து, டப்பாவைக் கொட்டித் தேடி எடுத்துத் தந்தார். முப்பது ரூபாய்.

மூன்று நாளாக நீலம் விட்டுப் பார்க்கிறேன், க்ளோசெட் வெள்ளையாகவே இருக்கிறது. நீங்கள் வாஷர் வாங்கப் போனால் பழைய வாஷரைக் கையோடு எடுத்துப் போங்கள்.