களிமண் வயலில் காய்ச்சலும் பாய்ச்சலும்: வெடிப்பு நிற்கவில்லை

திருவாரூர் மாவட்டத்தில் 2 ஏக்கர் குறுவை நெல். களிமண், ஆடுதுறை 43 ரகம், நட்டு 32 நாள், போர்வெல் தண்ணீர்.

தண்ணீர் தேங்கியே நின்றால் காற்றில்லாத மண்ணில் புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு உண்டாகிறது. அதைக் குறைக்கத்தான், நம் நாட்டில் பரிந்துரைக்கிற காய்ச்சலும் பாய்ச்சலும் முறையை (வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது) நம்பி இறங்கினேன். வயலில் புதைத்த துளையிட்ட குழாயில் நீர்மட்டம் மண் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே பாய்ச்சுகிறேன். ஆனால் அதற்குள் விரல் நுழையும் அளவுக்கு வயல் வெடித்துவிடுகிறது. அப்புறம் விடுகிற தண்ணீரெல்லாம் வெடிப்பு வழியாகவே போகிறது. மோட்டார் இரண்டு மடங்கு நேரம் ஓடுகிறது.

சேறு அடைத்ததோ என்று குழாயைக் கழுவி, வலை சுற்றிப் புதைத்தேன். கோனோவீடர் (களையெடுக்கும் உருளைக் கருவி) இரண்டு முறை ஓட்டினேன். வரப்பும் பூசியாயிற்று. பழையபடி தண்ணீர் கட்ட மனமில்லை.

களிமண்ணில் செய்தவர்கள், எத்தனை செ.மீ. இறங்கியதும் பாய்ச்சுகிறீர்கள்?