உப்புக்காற்றில் ஓட்ட முதல் ரோடு சைக்கிள்: பழசா, புதுசா?

என் ஊர் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம். கையில் இருப்பது 25,000 ரூபாய், அதற்கு மேல் புரட்ட வழியில்லை. விடுமுறையில் பாம்பன் பாலம் தாண்டி தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை போய்வர வேண்டும், ஏறக்குறைய 80 கி.மீ. இப்போதைய கியர் இல்லாத இரும்பு சைக்கிளில் ஆடிக் காற்றில் பாலம் ஏறினால் பாதியில் இறங்கி உருட்டத்தான் வேண்டியிருக்கிறது. செயினும் எண்ணெய் விட்ட பத்தே நாளில் செம்மண் நிறமாகிவிடுகிறது.

ராமநாதபுரத்தில் மூன்று கடை ஏறி இறங்கினேன். ரோடு பைக் (மெல்லிய டயர் போட்ட வேக சைக்கிள்) என்றதும் ஒருவர் மோட்டார் சைக்கிளைக் காட்டினார்! அப்புறம் மதுரை போய் இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன்.

ஒன்று புதுசு: ஸ்டீல் ஃபிரேம், 7 கியர், 25 மி.மீ. டயர், 24,000. இன்னொன்று பழசு: அலுமினிய ஃபிரேம், ஷிமானோ கம்பெனியின் கிளாரிஸ் கியர் செட், 16 கியர், 28 மி.மீ. டயர், 21,000. ஓட்டிப் பார்த்தேன், லேசாக மிதித்தாலே ஓடுகிறது. ஆனால் சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) ஃபிரேமுக்குள் இறுகிவிட்டது. விளிம்பைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி. என் உயரம் 168 செ.மீ., சீட் நாலு விரல் இறங்கியாக வேண்டும். எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்தும் அசையவில்லை. போல்ட்டைக் கழற்றிவிட்டு முறுக்கியும் பார்த்தாயிற்று. விற்பவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லச் சொல்கிறார்.

ஃபிரேம் கெடாமல் அந்த சீட் போஸ்ட்டை எடுக்க முடியும் என்று நம்பிப் பழசை வாங்கலாமா, இல்லை புதுசுக்கே போகட்டுமா?