பாப்பாவின் மேற்படிப்பு: ஆச்சி வீட்டுக் குழுவில்

அம்பை சித்தி: பாப்பா பி.ஏ. இசை முடிக்கப் போகிறாள், அடுத்து இசை சிகிச்சைதான் படிப்பேன்னு நிற்கிறாள். அப்படி ஒரு படிப்பு நிஜமாவே இருக்கா?

தென்காசி மாமா: இந்த ராகம் கேட்டால் பிரஷர் இறங்கும், அந்த ராகத்துக்குச் சர்க்கரை குறையும்னு தினமும் வருதே, அதுவாம்மா? பேசாம பி.எட். சேர்த்து விடு.

பாளை அக்கா: அது இல்ல மாமா. ஆச்சிக்கு வலது பக்கம் இழுத்துக்கிட்டப்போ 'தண்ணி'ன்னு ஒரு சொல் வரல, வாயைத் திறந்து திறந்து மூடினாங்க. ஆனா பிள்ளையை மடியில் போட்டதும் தாலாட்டை ஓர் அடி விடாம பாடினாங்களே! பேச்சுக்கான இடம் பெரும்பாலும் மூளையின் இடது பக்கம், அங்கே அடிபட்டுப் பேச்சு போனாலும் பாட்டு பல பேருக்கு மிஞ்சி நிற்கும். அதை வைத்து 1973-ல் அமெரிக்காவில் ஒரு பயிற்சி கொண்டுவந்தாங்க. 'தண்ணி வேணும்' என்பதை இரண்டு சுரத்தில் இழுத்துப் பாட வைத்து, அசைக்கு ஒரு தட்டாக இடது கையைத் தட்ட வைத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பாட்டைக் குறைத்துப் பேச்சுக்கு வருவது. நான் ஆச்சி கட்டில் சட்டத்தில் தட்டித் தட்டிச் செய்தது அதுதான்.

தென்காசி மாமா: அட, நீ ஏதோ விளையாட்டு காட்டுறியோன்னு நினைச்சேன்.

பாப்பா: எங்கே படிக்கலாம் அக்கா?

பாளை அக்கா: அமெரிக்காவில் 1944-லேயே மிச்சிகனில் பட்டப்படிப்பு வந்தாச்சு, அங்கே 1200 மணி நேரம் நேரடிப் பயிற்சி முடிக்கணும். நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி ஸ்ரீ பாலாஜி வித்யாபீடத்தில் இதற்கென்றே மையம் இருக்கு.

அம்பை சித்தி: வேலை?

பாளை அக்கா: மறைக்காம சொல்றேன் சித்தி, நம்ம ஊரில் மாதச் சம்பள இடங்கள் குறைவு. சிறப்புப் பள்ளி, முதியோர் இல்லம், ஆஸ்பத்திரின்னு நாமே போய்க் கேட்டுத்தான் நுழையணும், முதல் சில வருஷம் கஷ்டம்தான். ஆனா பாப்பா, கச்சேரிப் பாட்டு மட்டும் தெரிஞ்சா போதாது. வயல்காட்டில் வளர்ந்த பாட்டிக்கு நடவுப் பாட்டு, மேலப்பாளையத்து அம்மாவுக்கு அவங்க வீட்டுப் பாட்டு, பாளையில் ஒரு தாத்தாவுக்குக் கோயில் ஆராதனைப் பாட்டு. யாருக்கு எது நெஞ்சில் கிடக்கோ அதைத்தான் நீ எடுக்கணும். ஞாயிற்றுக்கிழமை ஆச்சிகிட்ட உட்கார்ந்து எழுதி எடு.

தென்காசி மாமா: ஆச்சி நடவுப் பாட்டு பாடின கேசட் ஒண்ணு பரணில் கிடக்கு. தேடி எடுத்துட்டு வாறேன்.